கேமரா வாடகைக்கு முன் ஒலிக்குச் செலவழியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்கள் பருவத் தேர்வுக்கும் கல்லூரிப் போட்டிகளுக்கும் குறும்படம் எடுக்கும் காலம் இது. வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு சந்தில் ஒரு மாணவர் குழு ட்ரைபாடை விரித்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான குழுக்களிடம் இருப்பது ஒரு சனி, ஒரு ஞாயிறு, எல்லோரும் போட்டுச் சேர்த்த ஐயாயிரம் ரூபாய். அதில் பாதிக்கு மேல் கேமரா, லென்ஸ் வாடகைக்குப் போய்விடுகிறது. திரையிடும் நாளில் படம் பளிச்சென்று இருக்கிறது, வசனம் ஒன்றும் விளங்குவதில்லை. மங்கலான படத்தைப் பார்வையாளர்கள் பொறுத்துக்கொள்வார்கள். காதில் விழாத வசனத்தைப் பொறுக்கவே மாட்டார்கள். இப்பகுதி மாணவர்களுக்கு ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் சொல்லித்தருகிறவர்கள் என்ற முறையில், மாணவர்களுக்கும் அவர்களுக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர்களுக்கும் சில நடைமுறை விஷயங்களை உங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

சிக்கனத்தை எழுத்திலேயே தொடங்கிவிட வேண்டும். திரைக்கதை வடிவில் தட்டச்சு செய்த ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் ஓடும் என்பது பொதுவான கணக்கு. அதை முழுக்க நம்பவும் கூடாது. ‘மீன் ஏலம் நடக்கிறது’ என்ற ஒரே வரி திரையில் ஒரு நிமிடத்தை விழுங்கிவிடும். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு வசனத்தை வாய்விட்டுப் பேசி, நடக்க வேண்டிய தூரத்தை நடந்து, சும்மா நிற்க வேண்டிய நேரம் நின்று அளந்து பாருங்கள். ஐந்து நிமிடப் படம் எட்டு நிமிடம் வந்தால் தாளிலேயே வெட்டிவிடுங்கள். எடுத்து முடித்த பிறகு வெட்டினால் ஒரு நாள் உழைப்பும் ஒன்பது பேர் சாப்பாடும் அதோடு வீண்.

புதிய குழு ஒரு ஷாட்டுக்குக் கேமரா வைத்து, வெளிச்சம் பார்த்து, ஒத்திகை பார்த்து, மூன்று டேக் எடுக்க இருபது நிமிடம் ஆகும். எட்டு மணி நேரத்துக்கு இருபத்து நான்கு ஷாட். சாப்பாடு, உடை மாற்றம், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை ஒதுக்குவது எல்லாம் கழித்தால் பதினெட்டோ இருபதோதான் தேறும். எனவே இரண்டு நாளுக்கு நாற்பது ஷாட்டுக்கு மேல் பட்டியல் போடாதீர்கள். இரண்டு இடம், மூன்று பாத்திரம் போதும். அந்த இரண்டு இடமும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும். காலையில் எண்ணூரிலும் மதியம் பெரம்பூரிலும் காட்சி வைத்தால், நடுவில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு ஆறு ஷாட்டை இழப்பீர்கள்.

வடசென்னை என்றதும் அரிவாளும் கஞ்சாப் பொட்டலமும் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறோம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளே அப்படி எழுதுவது மனதை வருத்துகிறது. ஐஸ் உடைக்கிறவர், கேரம் போர்டுக்கு பவுடர் போடும் கிழவர், குடிநீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் பள்ளிப் பெண் என்று இவர்கள் யாரைப் பற்றியும் ஐந்து நிமிடம் படமெடுக்கலாம். இதில் ஒரு நடைமுறைக் காரணமும் இருக்கிறது. அட்டைக் கத்தியோடு தெருவில் ஓடும் காட்சியைத் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது நிஜக் கத்திதான். கூட்டம் கூடும், போலீஸ் வரும், அன்றைய படப்பிடிப்பு அதோடு முடிந்துவிடும். அப்படி ஒரு காட்சி இல்லாமல் முடியாது என்றால், காவல் நிலையத்தில் கல்லூரிக் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, வீட்டுக்குள்ளோ மொட்டை மாடியிலோ எடுங்கள்.

தேதி குறிக்கும்போது இந்த ஊரின் காலண்டரைப் பார்க்க வேண்டும். ஆடி மாதம் லைவ் சவுண்டுக்கு, அதாவது படப்பிடிப்பு இடத்திலேயே வசனத்தைப் பதிவு செய்வதற்கு, ஆகாது. வெள்ளி, ஞாயிறுகளில் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், விடியற்காலையிலிருந்தே ஒலிபெருக்கி கட்டியிருக்கும். அதைக் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை, நாம்தான் தேதியை மாற்றிக்கொள்ள வேண்டும். அந்த வாரங்களில்தான் எடுத்தாக வேண்டும் என்றால் வசனமே இல்லாத கதையாக எழுதுங்கள், அல்லது திருவிழாவையே கதைக்குள் கொண்டுவாருங்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் எடுக்க நினைப்பவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தை நினைவில் வையுங்கள். அந்த 61 நாளும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. ஏலத்தின் பரபரப்பு வேண்டும் என்றால் அப்போது கிடைக்காது. கரையோரம் வரிசையாக நிற்கும் படகும், வலை பின்னுகிறவர்களும், மரத்தில் தட்டி வேலை செய்யும் தச்சர்களும் வேண்டும் என்றால் அதைவிட நல்ல காலம் கிடையாது. மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை காலை அங்கே போகாதீர்கள். மீன் வாங்க நகரமே திரண்டு வந்திருக்கும், ட்ரைபாட் ஊன்ற இடம் இருக்காது.

வெயிலையும் இப்படித்தான் கணக்குப் போட வேண்டும். நமக்குக் கடல் கிழக்கே. சூரியன் கடலிலிருந்து எழும், ஊருக்குப் பின்னால் போய் மறையும். கடலின் பின்னணியில் உருவம் நிழலாகத் தெரிய வேண்டும் என்றால் காலைதான் வழி. சென்னையில் சூரிய உதயம் ஆண்டு முழுக்க ஏறத்தாழ 5.40 மணிக்கும் 6.35 மணிக்கும் நடுவில் வரும். முதல் முக்கால் மணி நேரத்துக்குள் அந்தக் காட்சியை முடித்துவிட வேண்டும். மாலையில் அதே கரையில் நடிகர் ஊரைப் பார்த்து நின்றால் மஞ்சள் வெயில் முகத்தில் விழும். பின்னால் கடல் சமமான வெளிச்சத்தில் இருக்கும். வசனக் காட்சிக்கு அது அருமையான நேரம், ஆனால் காற்று பலமாக அடிக்கும். கோடையில் பெரும்பாலும் நண்பகலை ஒட்டித் தொடங்கும் கடற்காற்று மாலையிலும் நிற்காது. கடற்கரை வசனத்தைக் காலையிலேயே எடுங்கள் என்று நாங்கள் சொல்வது அதனால்தான்.

சந்துகளில் எடுப்பவர்கள் போனில் உள்ள திசைகாட்டியைத் திறந்து சந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். கிழக்கு மேற்காக ஓடும் சந்தில் காலையும் மாலையும் வெயில் நீளவாக்கில் வரும். தெற்கு வடக்காக ஓடும் குறுகிய சந்தில் இரண்டு பக்க வீடுகளும் மறைப்பதால் உச்சி வேளையில் மட்டுமே நேர் வெயில் இறங்கும். மற்ற நேரமெல்லாம் மென்மையான நிழல்தான். முகங்களுக்கு அந்த நிழல் மிகவும் நல்லது. பகல் பதினொன்றிலிருந்து இரண்டரை வரை திறந்த வெளியில் முகத்தை எடுக்காதீர்கள். உச்சி வெயில் கண்குழியைக் கறுப்பாக்கிவிடும். அந்த நேரத்தை வீட்டுக்குள் எடுக்கும் காட்சிகளுக்கு ஒதுக்குங்கள்.

இனி ஒலி. இடம் பார்க்கப் போகும்போது எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். அதோடு, ஒரு போனை ரெக்கார்டில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். படப்பிடிப்பு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கோ அதே கிழமை, அதே நேரத்தில் போக வேண்டும். செவ்வாய் மதியம் அமைதியாக இருக்கும் வீட்டுக்குப் பின்னால் சனிக்கிழமை வெல்டிங் பட்டறை ஓடும். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டையில் கும்மிடிப்பூண்டி தடத்தை ஒட்டிய வீடு என்றால் அடிக்கடி ரயில் ஹாரன் கேட்கும். எத்தனை நிமிடத்துக்கு ஒன்று போகிறது என்று குறித்துக்கொண்டால் இரண்டு ரயிலுக்கு நடுவே ஒரு டேக் எடுத்துவிடலாம். கன்டெய்னர் லாரிகள் போகும் நெடுஞ்சாலைச் சத்தம் அப்படி இடைவெளி தராது. அது தரையோடு வரும் உறுமல். சாலையிலிருந்து இரண்டு வரிசை வீடு தள்ளி உள்ளே போங்கள்.

மைக் விஷயத்தில் தூரம்தான் முக்கியம், விலை அடுத்ததுதான். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும். தெருச் சத்தம் மட்டும் குறையாமல் அப்படியே இருக்கும். கேமரா மேல் மாட்டிய மைக் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் எட்டடி தள்ளி நிற்கும்போது தெருவைத்தான் பதிவு செய்யும். சாதாரண கம்பி வைத்த காலர் மைக் (சட்டையில் மாட்டும் சிறு மைக்) ஒன்று, இன்னொரு செல்போன், இவை இரண்டும் போதும். அந்தப் போனை ஏர்பிளேன் மோடில் போட்டு, ரெக்கார்டிங் செயலியில் வேவ் வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ் தேர்ந்தெடுத்து, நடிகரின் பாக்கெட்டிலோ இடுப்பிலோ செருகிவிடுங்கள். ஒலியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியும் இரைச்சல் நீக்கும் வசதியும் செயலியில் இருந்தால் இரண்டையும் அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் வசனத்துக்கு நடுவில் வரும் மௌனத்தில் மின்விசிறிச் சத்தம் மேலே ஏறி வரும். நடிகர் அந்தக் காட்சியிலேயே அதிகச் சத்தமாகப் பேசும் வரியைப் பேசச்சொல்லி, மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பைத் தொட்ட ஒலியை எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது.

காலர் மைக்கை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முகவாய்க்குக் கீழே ஒரு சாண் அளவு, நெஞ்சின் நடுவில் வையுங்கள். கழுத்துக்கு மிக அருகில் போனால் தலை குனியும்போது குரல் அடைத்துக் கேட்கும். சட்டைக்குள் மறைக்க மருந்துக் கடைகளில் கிடைக்கும் காகித பிளாஸ்திரி போதும். மைக்கின் இரண்டு பக்கமும் சிறு முக்கோணமாக மடித்து ஒட்டி, ஒரு பக்கம் தோலிலும் மறுபக்கம் துணியிலும் பிடிக்கும்படி செய்தால் துணி உரசாது. கம்பியை மைக்குக்குக் கீழே ஒரு சிறு வளையமாகச் சுற்றி ஒட்டிவிட்டால், நடக்கும்போது இழுபடும் சத்தம் மேலே ஏறாது. கஞ்சி போட்ட பருத்தி, பட்டு, நைலான் மூன்றும் சரசரக்கும். துவைத்துப் பழகிய பருத்திச் சட்டையோ புடவையோ நல்லது. பெண் நடிகர்கள் தாலிச் சங்கிலியோ நீள மணிமாலையோ அணிந்திருந்தால் அது மைக்கில் தட்டிக்கொண்டே இருக்கும். காட்சிக்குத் தேவையென்றால் சங்கிலியைப் பின்பக்கம் துணியோடு சேர்த்து ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு டேக் முடிந்ததும் ஹெட்போனில் கேட்டுப் பார்க்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

வாங்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். போனுக்கான மைக்கின் செருகு முனையில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், கேமராவுக்கானதில் இரண்டு. மாற்றிச் செருகினால் பல போன்கள் வெளி மைக்கைக் கண்டுகொள்ளாமல் தன் உள் மைக்கிலேயே பதிவு செய்துகொண்டிருக்கும். மைக்கை விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். ஹெட்போனில் அந்தத் தட்டல் பலமாகக் கேட்டால்தான் சரி.

வீட்டுக்குள் மின்விசிறி, பிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் மூன்றையும் நிறுத்த வேண்டும். பிரிட்ஜை அணைத்தால் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். மறுபடி போடாமல் வீட்டைவிட்டுக் கிளம்ப முடியாது, இடம் கொடுத்தவர் வீட்டுப் பாலும் கெடாது. வெறும் சுவர் எதிரொலித்தால் கேமராவுக்குத் தெரியாத பக்கம் ஜமுக்காளத்தையும் போர்வையையும் கொடிக்கயிற்றில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் கிளம்புவதற்கு முன் யாரும் அசையாமல் ஒரு நிமிடம் அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு ரூம் டோன் என்று பெயர். படத்தொகுப்பில் வசனத்தை வெட்டி ஒட்டும் இடங்களில் விழும் பள்ளத்தை அது நிரப்பும். அது இல்லாமல் செய்த படத்தில் ஒவ்வொரு வெட்டும் காதில் இடறும்.

டேக்கின் நடுவில் லாரி ஹாரன் விழுந்துவிட்டால் மறுபடி மறுபடி எடுத்து நடிகரைச் சோர்வடையச் செய்யாதீர்கள். நடிப்பு நன்றாக வந்த டேக்கை வைத்துக்கொண்டு, கேமராவை நிறுத்திவிட்டு, அதே இடத்தில், அதே மைக்கில், அதே வேகத்தில் அந்த வசனத்தை மட்டும் மூன்று முறை பேசவைத்துப் பதிவு செய்யுங்கள். உணர்வு ஆறாமல் இருக்கும்போதே செய்வதால் உதட்டசைவோடு பெரும்பாலும் பொருந்திவிடும். ‘அப்புறம் டப்பிங்கில் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிட்டால் இரண்டு வாரம் கழித்து அந்த நடிகரைப் பிடிப்பதே பெரும்பாடு. பிடித்தாலும் குரல் தெருவில் நிற்காது, அலமாரிக்குள்ளிருந்து வரும்.

படத்தைப் பற்றி இவ்வளவு சொல்ல வேண்டியதில்லை, நாலைந்து ஆண்டுக்குள் வந்த நடுத்தர விலை செல்போனே போதும். ஆனால் அதைத் தன்னிஷ்டத்துக்கு விடக் கூடாது. ஷட்டரையும் (ஒவ்வொரு ஃபிரேமும் ஒளி வாங்கும் நேரம்) ஐ.எஸ்.ஓ.வையும் (ஒளி உணர்திறன்) கையால் மாற்ற விடும் இலவசச் செயலிகள் உண்டு. பிளாக்மேஜிக் கேமரா, ஓப்பன் கேமரா இரண்டும் அப்படிப்பட்டவை. நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். பல போன்கள் தானாகவே 30 ஃபிரேமும் அறுபதில் ஒரு பங்கு ஷட்டரும் எடுத்துக்கொள்ளும். டியூப் லைட்டுக்குக் கீழே படத்தில் கறுப்புப் பட்டைகள் மிதப்பது அதனால்தான். உங்கள் போனில் 25 கிடைக்காவிட்டாலும் ஷட்டரை ஐம்பதில் ஒன்றிலோ நூறில் ஒன்றிலோ நிறுத்தினால் பட்டை போய்விடும். மலிவான சில எல்.இ.டி. பல்புகள் அதற்கும் அடங்காது. வாங்கும்போதே கடையில் எரியவிட்டுப் போன் திரையில் பார்த்து வாங்குங்கள்.

ஷட்டரை இப்படிக் கட்டிப்போட்டதும் வெளியில் படம் வெளுத்துப் போகும், போன் லென்ஸில் துவாரத்தைச் சுருக்க வழியில்லை. எஃப் 1.8 லென்ஸ், ஐ.எஸ்.ஓ. 50, நல்ல வெயில் என்றால் சுமார் ஆறு ஸ்டாப், அதாவது ஆறு முறை பாதி பாதியாக, வெளிச்சத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். அதற்கு லென்ஸுக்குக் கறுப்புக் கண்ணாடி போல உதவும் என்.டி. 64 ஃபில்டர் சரியாக இருக்கும். கிளிப் மாட்டும் வகையில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் நிழலில் எடுங்கள்.

மாணவர்கள் பலர் கவனிக்காத ஒன்று முகநிறம். போன் கேமராவின் தானியங்கி ஒளியளவு கறுத்த முகத்தைக் கண்டதும் அதை வெளுக்கப் பார்க்கும். வானம் வெளிறிப் போகும், முகம் சாம்பல் பூசியது போலாகும். அழகூட்டும் ஃபில்டர் அணைந்திருக்கிறதா என்று முதலில் உறுதி செய்யுங்கள். பிறகு முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவையும் குவியத்தையும் பூட்டி, ஒளியைச் சற்றே இறக்குங்கள். கறுத்த தோலுக்கு வெளிச்சத்தைக் கூட்டுவதைவிட, பெரிய பரப்பிலிருந்து பக்கவாட்டில் வரவிடுவது அழகு. கன்னத்திலும் நெற்றியிலும் விழும் அந்த மினுமினுப்பே முகத்தின் வடிவத்தைக் காட்டும். எண்ணெய் வழிந்தால் டிஷ்யூவால் ஒற்றினால் போதும், பவுடர் அப்பாதீர்கள். நம் மக்களின் நிறத்தை நம் பிள்ளைகளாவது உள்ளபடி காட்ட வேண்டும் என்று மனதார விரும்புகிறோம்.

வாரியக் குடியிருப்பின் பத்துக்குப் பத்து அறையில் எடுப்பவர்கள் அல்ட்ரா வைட் லென்ஸைத் தொடாதீர்கள், ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபட்டுவிடும். கேமராவை வாசலுக்கு வெளியே நடைபாதையில் வைத்து, கதவுச் சட்டத்தையே ஃபிரேமாகக் கொண்டு எடுங்கள். அதே கதவின் வெளிச்சத்தைப் பிரதான விளக்காகவும் கொள்ளலாம். நடிகரைக் கதவுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்து, நிழல் விழும் பக்கம் மூன்றடி தள்ளி ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகையைப் பிடித்தால் போதும். உள்ளே டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். அதன் நீல வெண்மையும் குண்டு பல்பின் மஞ்சளும் ஒரே முகத்தில் விழுந்தால் வண்ணத்திருத்தத்தில் இரண்டையும் சரிசெய்ய முடியாது. இரவுக் காட்சிக்கு 12 வாட் எல்.இ.டி. பல்பு நான்கு, பட்டர் பேப்பர், கறுப்புத் துணி போதும். பட்டர் பேப்பரைப் பல்பிலிருந்து ஓரடி தள்ளி மரச்சட்டத்தில் ஒட்டுங்கள். ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கை வாடகைக்கு எடுத்துவந்து வீட்டுப் பிளக்கில் செருக வேண்டாம். பழைய ஒயரிங் உள்ள வீடுகளில் பியூஸ் போகும், சில சமயம் ஒயரே உருகும்.

கோடையில் போன் சூடேறிப் பதிவு நின்றுவிடுவது வழக்கம். உறையைக் கழற்றி, குடைக்குக் கீழே வைத்து, டேக் இல்லாத நேரம் திரையை அணைத்து வையுங்கள். பதிவு செய்துகொண்டே சார்ஜ் போடாதீர்கள். ஐஸ் மேல் வைப்பது கூடவே கூடாது, உள்ளே நீர் கோத்துவிடும். துறைமுகப் பக்கம் அரை மணிக்கு ஒரு முறை லென்ஸைத் துடைக்க வேண்டும். உப்புப் படலம் கண்ணுக்குத் தெரியாது, எதிர்வெயிலில் படம் பால் போல வெளுக்கும்போதுதான் தெரியும்.

பணத்துக்கு எங்கள் கைக்கணக்கு இது. ஆறு பேர் குழு, மூன்று நடிகர், இரண்டு நாள் என்றால் டிபன், சாப்பாடு, டீக்கு 2,400 ரூபாய். காலர் மைக், காற்றுத் தடுப்புப் பஞ்சுக்கு 1,000. பல்பு, ஹோல்டர், ஒயருக்கு 700. தெர்மோகோல், கறுப்புத் துணி, பட்டர் பேப்பர், கிளிப், பிளாஸ்திரிக்கு 400. ஷேர் ஆட்டோவுக்கு 500. மொத்தம் 5,000. சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். பசியோடு நிற்கும் குழு மதியம் மூன்று மணிக்குமேல் தவறு செய்யத் தொடங்கும். ஆறு பேரில் ஒருவருக்குக் கடிகாரம் பார்ப்பது மட்டுமே வேலையாக இருக்கட்டும். எந்த ஷாட் முடிந்தது, எது பாக்கி, இன்னும் எத்தனை நிமிடம் என்று அவர் சொல்ல வேண்டும், இயக்குநர் கேட்க வேண்டும். நேரம் இறுகினால் எந்த ஷாட்டை விடலாம் என்று முந்தின இரவே பட்டியலில் குறித்து வைத்துவிடுங்கள்.

அனுமதி விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறோம். துறைமுக வேலிக்குள்ளும், ரயில் நிலையங்களிலும் உரிய அனுமதியில்லாமல் எடுக்க முடியாது. தண்டவாளத்தில் இறங்குவது ரயில்வே சட்டப்படி குற்றம், அதைவிட முக்கியம், உயிருக்கு ஆபத்து. 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையக் கட்டடத்தின் முன்பக்கம் கண்ணைப் பறிக்கும்தான், ஆனால் கடிதம் எழுதி அனுமதி வாங்கிய பிறகே போங்கள். 250 கிராமுக்குக் குறைவான ட்ரோனுக்கு ஓட்டுநர் உரிமம் தேவையில்லை என்பதால் எங்கும் பறக்கவிடலாம் என்று அர்த்தமில்லை. ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பாக இருக்கும் இடத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. மீனவர் குப்பங்களில் முதலில் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்துப் பேசுங்கள். முகம் தெளிவாகத் தெரிகிறவர்களிடம் ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள், சிறுவர்கள் என்றால் பெற்றோரிடம். கானா பாடிக் கொடுத்தவரிடமும் எழுதி வாங்கிக்கொண்டு, பெயரை டைட்டிலில் போடுங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் யூடியூபில் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும். டீக்கடை ரேடியோவில் பாடிக்கொண்டிருந்தாலும் அதேதான், கடைக்காரரிடம் சொல்லி அணைக்கச் சொல்லுங்கள்.

படம்பிடித்ததும் போனிலிருந்து இரண்டு வெவ்வேறு இடங்களுக்கு நகல் எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பிறகே போனில் அழிக்க வேண்டும். 4கே பதிவு நொடிக்கு 50 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 375 எம்.பி. ஆறு மடங்கு எடுத்தாலும் ஐந்து நிமிடப் படத்துக்கு 11 ஜி.பி.க்குச் சற்று மேல்தான், ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் நசுங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் 2 ஜி.பி. வரை அப்படியே போகும்.

அடுத்து வரும் சிக்கல், ஒலியும் உதடும் போகப் போக விலகுவது. செல்போன் ஒரே சீரான ஃபிரேம் வேகத்தில் எடுப்பதில்லை, சற்றே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். தொகுக்கத் தொடங்கும் முன் எல்லாக் கோப்புகளையும் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, நிலையான 25 ஃபிரேமுக்கு மாற்றிவிடுங்கள். டேக் தொடக்கத்தில் கேமராவுக்குத் தெரியும்படி கை தட்டியிருந்தால் அந்தத் தட்டலை வைத்துப் பொருத்துவது ஒரு நிமிட வேலை. தொகுப்புக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே போதும். எட்டு ஜி.பி. ராம் உள்ள லேப்டாப் திணறினால் 720 அளவில் பிராக்சி (தொகுப்புக்கு மட்டும் பயன்படும் சிறிய நகல்) செய்துகொண்டு வேலை செய்யுங்கள். கடைசியில் மூலக் கோப்பிலிருந்து 1920க்கு 1080 அளவில் வெளியே எடுத்தால் கல்லூரி புரொஜெக்டருக்கு நிறைவாக இருக்கும்.

காலர் மைக் ஒலி சில சமயம் இடது ஸ்பீக்கரில் மட்டும் வரும். அதை மோனோவாக்கி, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒன்றுபோலக் கேட்கும்படி, நடுவில் வையுங்கள். டைட்டிலில் தமிழ் எழுத்துகளைப் பெரிதாக்கிப் படியுங்கள். சில மென்பொருள்களில் ‘கொ’, ‘பொ’ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். அப்படியானால் வேறு யூனிகோட் எழுத்துரு மாற்றுங்கள், அதுவும் சரிவராவிட்டால் டைட்டிலைப் படமாகச் செய்து ஒட்டுங்கள். படம் பார்க்க வருகிறவர்கள் முதலில் படிப்பது தமிழில் எழுதிய உங்கள் பெயரைத்தான்.

கல்லூரிகளுக்கு எங்கள் வேண்டுகோள் சில. ஒரு துறைக்குக் காலர் மைக் நான்கு, ஹெட்போன் இரண்டு, காற்றுத் தடுப்புப் பஞ்சு, தெர்மோகோல், எல்.இ.டி. பல்புப் பெட்டி, ட்ரைபாட் இரண்டு ஆகியவற்றை வாங்கி வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக் குழுக்களுக்குக் கொடுங்கள். ஒரு நல்ல கேமராவின் விலையில் இது சிறு பங்குதான். காவல் நிலையத்துக்கும் இடம் தருகிறவர்களுக்கும் காட்ட, துறைத் தலைவர் முத்திரையோடு ஒரு பக்கக் கடிதம் கேட்ட அன்றே கிடைக்கட்டும். மதிப்பெண் பட்டியலில் ஒலிக்குத் தனியாக ஒரு வரி ஒதுக்குங்கள். அந்த வரி இருந்தால்தான் மாணவர்கள் மைக்கைக் கையில் எடுப்பார்கள். படம் ஒப்படைக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்னால், திரையிடப்போகும் அதே அரங்கில், அதே ஸ்பீக்கரில் ஒவ்வொரு குழுவுக்கும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வாய்ப்புத் தாருங்கள். லேப்டாப்பில் தெளிவாகக் கேட்ட வசனம் அரங்கில் எதிரொலியில் கரைந்துபோவதை அப்போதே கண்டுபிடித்துச் சரிசெய்ய நேரம் இருக்கும்.

தெருவாசிகளிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகள் வந்து மோட்டாரை எப்போது போடுவீர்கள் என்று கேட்டால், படமெடுக்க வந்தவர்கள் என்று விரட்டாமல் நேரத்தைச் சொல்லுங்கள். அந்த நேரத்தை விட்டு அவர்கள் காட்சியை வைத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
குறும்பட ஒலிப்பதிவு, படத்தொகுப்புப் பயிற்சி அளிப்போர்,
தண்டையார்பேட்டை, சென்னை.